சிறுமலையில் ஒரு செவ்வாய்க்கிழமை

நத்தம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி வாசகர் கேள்விப் பகுதிக்கு எழுதியிருந்தார். "எங்கள் தென்னந்தோப்பில் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. சிறுமலை வாழை வைக்க ஆசை. மலையில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நல்ல கன்றாக 50 வாங்கித் தர முடியுமா?"

இதற்கு மூன்று வரியில் பதில் எழுதிவிடலாம். எழுதியும் வைத்திருந்தேன். மலைவாழை மலைக்குரியது, சமவெளியில் வளரும், ஆனால் அந்த மணமும் நாள்பட வைத்தாலும் கெடாத குணமும் வராது, உங்கள் நிலத்துக்கு வேறு ரகம் பாருங்கள். அந்தப் பதிலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கடிதத்தில் இருந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 'தெரிந்தவர்கள்.' தெரிந்தவரிடம் கன்று வாங்கினால் நமக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியால் ஒரு தோட்டமே போனதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால், தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை என் நண்பனோடும் அவன் நாயோடும் சிறுமலையில் நடந்த கதையைச் சொல்ல வேண்டும்.

வார நாளில் ஏன்?

நண்பனும் நானும் திண்டுக்கல்லில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் வேளாண்மை படித்து வேலைக்கு வந்தேன். அவன் சிறுமலை பழையூரில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். பொங்கல் முடிந்த வாரத்தில் போன் செய்தான்.

"மாப்ளே, மழை ஓஞ்சிருச்சு. ஒரு நாள் வா, வெள்ளிமலை வரைக்கும் நடந்துட்டு வருவோம். ஞாயித்துக்கெழமை மட்டும் வேணாம். ரோடு பூரா காரா நிக்கும். ராணிக்கும் ஆகாது."

ராணி அவன் நாய். கறுப்பும் செம்மையும் கலந்த நாட்டு நாய், ஏழு வயது. கூட்டத்தைக் கண்டால் அதற்குப் பிடிக்காது. எனக்கும் அப்படித்தான். ஒரு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை முதல் பேருந்தைப் பிடித்தேன்.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை சுமார் 25 கிலோமீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள். வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்டி ஐந்தாறு வளைவு ஏறியதும் காற்று மாறிவிடும். கீழே சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் மேலே வரும்போது துண்டை எடுத்துக் காதில் சுற்றிக்கொள்வார்கள். பேருந்தில் பாதிப் பேர் தோட்ட வேலைக்கு வருகிறவர்கள். மீதிப் பேர் கீழே சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிறவர்கள். வார நாளில் போனால்தான் ஒரு மலை எப்படிப் பிழைக்கிறது என்று தெரியும். விடுமுறையில் போனால் பனியும் பஜ்ஜிக் கடையும்தான் தெரியும்.

பழையூரில் இறங்கியபோது நண்பன் ஒரு கையில் ராணியின் கயிறும் மறு கையில் காப்பி பிளாஸ்க்குமாக நின்றான்.

"நடந்துக்கிட்டே பேசுவோம். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான்.

குதிரைப் பாதை

ஊரைத் தாண்டியதும் தார்ச்சாலையை விட்டுவிட்டுத் தோட்டங்களுக்கு நடுவே போகும் குதிரைப் பாதையில் இறங்கினோம். சிறுமலையில் இன்றும் வண்டி போகாத தோட்டங்கள் உண்டு. அங்கிருந்து காப்பிக்கொட்டையும் எலுமிச்சையும் பலாவும் சாலைக்கு வருவது குதிரை முதுகில்தான். எங்களுக்கு எதிரே மூன்று குதிரைகள் வந்தன. இரு பக்கமும் சாக்கு. பொங்கலுக்குக் கட்டிய காகிதப்பூ ஒன்று ஒரு குதிரையின் கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ராணி நடக்கும் பாதையை விட்டு விலகி, குதிரைகள் போகும்வரை உட்கார்ந்துகொண்டது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "ஒரு தடவை உதை வாங்கிருச்சு" என்றான் நண்பன்.

தை மாதம் காப்பி பழுக்கும் காலம். செடிகளில் சிவப்பும் பச்சையுமாகக் காய். மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடியில் சரம் முற்றிக்கொண்டிருந்தது. காலடியில் ஈரச்சருகு. இந்த மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கீழே இருக்கும் விவசாயிகள் நினைவுக்கு வருவார்கள். மதுரைப் பக்கம் பாயும் சாத்தையாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. சந்தானவர்த்தினியும் இங்கேதான். மேலே சருகு மூடிய மண் ஒரு மழையைப் பிடித்து வைத்தால்தான் கீழே கண்மாயில் நாலு நாள் கூடுதலாகத் தண்ணீர் வரும்.

இந்த மலைக்கும் வாழைக்கும் உள்ள உறவு பழையது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்குப் போகும் வழி சொல்லப்படும் இடத்தில் சிறுமலை வருகிறது. அங்கே வாழையும் வருகிறது. நான் பையனாக இருந்தபோது திண்டுக்கல் கடைகளில் 'சிறுமலைப் பழம்' என்றால் கேட்காமலே தனி விலை. பழம் சின்னது. தோல் கறுத்துப் போகும். உள்ளே சதை கெட்டியாக, மணமாக அப்படியே இருக்கும். இதே குணமுள்ள விருப்பாச்சி வாழைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. விருப்பாச்சி, சிறுமலை இரண்டு மலைவாழைக்கும் 2008-09-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு கிடைத்தபோது வாழை எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. 1970-களில் பழனி கீழ்மலையை ஒட்டி மட்டும் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு சுமார் 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கிவிட்டது. காரணம் முடிக்கொத்து நோய். சிறுமலையிலும் அதே கதைதான். நாங்கள் நடந்த பாதையின் இரு பக்கமும் ஒரு காலத்தில் வாழையாக இருந்தது என்றால் இன்று வரும் பையன்கள் நம்பமாட்டார்கள்.

300 கன்று

ஒரு ஓடையைத் தாண்டி ஏறும்போது நண்பன் விஷயத்துக்கு வந்தான்.

"மேல ஒரு ஏக்கருக்குத் திரும்ப வாழை வைக்கலாம்னு இருக்கேன். திசு வளர்ப்புக் கன்னு 300 சொல்லி, கொஞ்சம் முன்பணமும் குடுத்திருக்கேன். பையன் வேணாங்கிறான். நீ என்ன சொல்றே?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மலைவாழையை காப்பியோடு வைக்கும்போது 12 அடிக்கு 12 அடி இடைவெளி. ஏக்கருக்கு 300 வரும். நான் வேளாண்மைத் துறைக்காரன், வாழை தோட்டக்கலைத் துறையின் பயிர். ஆனால் ஊரில் யாரும் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று அன்று தோன்றியது. காரணம், அவன் சொன்ன அந்த ஒரு ஏக்கர் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். அவனுடைய அப்பா கடைசியாக வாழை வைத்திருந்த இடம்.

"பக்கத்துல யார் தோட்டம் இப்ப?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்வதற்குள் ராணி கயிற்றை வெட்டி இழுத்தது. புதரிலிருந்து ஒரு காட்டுக்கோழி படபடவென்று எழும்பியது. கயிறு அவன் கையிலிருந்து நழுவ, ராணி வேலியின் ஓட்டைக்குள் புகுந்து மறைந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம். வரவில்லை. சிறுமலையில் காட்டு மாடு உண்டு. நாய் அதன் முன் போய் நின்றால் நாய்க்கும் ஆபத்து, பின்னால் போகிற நமக்கும் ஆபத்து. வேலியை விலக்கி உள்ளே போனோம்.

ஆளில்லாத தோட்டம்

அது கவனிப்பாரில்லாத தோட்டம். காப்பிச் செடி கவாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. ராணி ஒரு பாறைக்குப் பக்கத்தில் நாக்கைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தது. கோழி போன இடம் தெரியவில்லை. அதன் கயிறு ஒரு வாழைத் தூரில் சுற்றிக்கொண்டிருந்தது.

கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன் நிமிரவில்லை. நண்பனும் பார்த்துவிட்டான்.

முடிக்கொத்து வந்த வாழையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இலைகள் விரியாமல், குறுகலாக, விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். ஒவ்வொரு புது இலையும் முந்தையதை விடச் சின்னதாக வரும். உச்சியில் எல்லாம் ஒன்று சேர்ந்து கொத்தாகிவிடும். இலையை ஒடித்தால் அப்பளம் போல உடையும். இதெல்லாம் முற்றிய நிலை. முதல் அடையாளம் இன்னும் சின்னது. இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டியும் காம்பிலும் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, தந்திக்குறி போலத் தெரியும். அது தெரிந்தால் போதும், வேறு பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தோட்டத்தில் வாழைத் தூர் மொத்தம் பதினொன்று எண்ணினோம். நான்கில் கொத்து. குருத்துக்குள் விரலை விட்டால் கரும்பழுப்பு நிறத்தில் அசுவினி ஒட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பூச்சிதான் நோயைத் தூக்கிக்கொண்டு போகிறது. நோயுள்ள செடியில் சில மணி நேரம் சாறு உறிஞ்சினால் போதும், அதன் ஆயுள் முழுக்க அடுத்தடுத்த செடிக்கு நச்சுயிரியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிறகு முளைத்தவை காற்றில் போகும். நண்பன் 300 கன்று வைக்க நினைத்த இடத்துக்கும் இந்தத் தோட்டத்துக்கும் நடுவே இருந்தது அந்த வேலி மட்டும்தான்.

"திசு வளர்ப்புக் கன்னுக்கு நோய் வராதுன்னு சொன்னாங்களே?" என்றான்.

"கன்னு சுத்தமா வரும்டா. வந்து இறங்குற இடம் சுத்தமா இருக்கணும்ல?"

அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ராணியின் கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். அகஸ்தியர்புரம் வரை இருவரும் பேசவில்லை.

வெள்ளிமலை

அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை நீளம் கிடையாது. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது தன் கணக்கைக் காட்டிவிடும். மூன்று இடத்தில் நின்றேன். நாலாவது இடத்தில் ராணி எனக்காக நின்றது. உச்சியில் சிவன் இருக்கிறார். வார நாள் என்பதால் எங்களைத் தவிர யாரும் இல்லை. பனி விலகி விலகி மூடியது. விலகும்போது சமவெளி தெரிந்தது. தோப்பும் கண்மாயும் காய்ந்த தரிசுமாகத் துண்டு துண்டாக. அந்தத் துண்டுகளில் பாதிக்கு மேல் நான் வேலையாக நடந்த ஊர்கள்.

பாறையில் உட்கார்ந்து காப்பி ஊற்றினான். அப்போதுதான் சொன்னேன்.

"மாப்ளே, 98-ல நான் ஆறு கன்னு கொண்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? அப்பா ஓடைக்கரையில வரிசையா வச்சாரு."

அவன் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மலை முழுக்க முடிக்கொத்து தின்றுகொண்டிருந்த காலத்திலும் அவர் தோட்டம் மட்டும் தப்பி நின்றது. ரகசியம் ஒன்றுமில்லை. தினமும் காலையில் ஒரு சுற்று நடப்பார். சந்தேகம் வந்த தூரை அன்றைக்கே கிழங்கோடு தோண்டி எறிவார். வெளியிலிருந்து கன்று வாங்கமாட்டார். நான் எப்போது போனாலும் திரும்பும்போது ஒரு பை எலுமிச்சை தருவார்.

அந்த வருடம் வேறொரு மலைப் பக்கம் போயிருந்தபோது பாதையோரம் ஒருவர் சாக்கில் கன்று வைத்திருந்தார். பார்க்க நன்றாக இருந்தன. மாமாவுக்குக் கொடுக்கலாமே என்று ஆறு வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. கையில் ஏதாவது கொண்டுபோனால்தான் நான் அதிகாரி என்று அவர் நினைப்பார் என்று ஒரு நினைப்பு. வெளிக்கன்றையே வாங்காத மனிதர், படித்த பையன் கொண்டுவந்தது என்பதால் வாங்கிக்கொண்டார். நோயுள்ள தாய் மரத்தின் கன்றில் நோய் உள்ளேயே இருக்கும், வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். இதை நான் கல்லூரியில் படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

"அதுலதான் வந்ததுன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்" என்றேன்.

அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ராணியின் காது மடலில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அவன் அப்பாவின் குரலிலேயே கேட்டான்.

"தாய் மரத்தைப் பாத்தியா?"

கன்றை இறக்கி வைத்த அன்று மாமா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

"இல்லடா."

"அன்னிக்குப் பாத்தேன்னு சொன்னே."

"ஆமா. சொன்னேன்."

பனி மறுபடி மூடியது. சிறிது நேரம் கழித்து அவன் பேசினான்.

"அந்த ஆறுதான்னு இப்ப யாரும் சொல்ல முடியாது. அக்கம்பக்கம் பூரா நோய் இருந்துச்சு. ஆனா அன்னிக்கே சந்தேகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதல்ல அந்த ஆறையும் பிடுங்கியிருப்பாரு. பூச்சி வெளியில இருந்துதான் வந்திருக்கும்னு நினைச்சு வேலியோரமாவே தேடுனாரு. மூணு மாசம் தேடுனாரு, மாப்ளே."

அந்த மூன்று மாதக் கணக்கு எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த வருடம் அவர் வாழை முழுவதையும் தானே தோண்டி எடுத்துவிட்டு எலுமிச்சை வைத்தார் என்பது மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகும் நான் போகும்போதெல்லாம் எலுமிச்சை தந்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நண்பன் பிளாஸ்க் மூடியில் மிச்சக் காப்பியை ஊற்றி என்னிடம் நீட்டினான். "ஆறிப் போச்சு, குடி" என்றான். 'போகட்டும் விடு' என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இறங்கும்போது

திரும்பும் வழியில் அந்த ஆளில்லாத தோட்டத்துக்கே மறுபடி போனோம். உரிமையாளர் திருப்பூரில் இருக்கிறார். நண்பனிடம் எண் இருந்தது. பேசினான். "அதுல எனக்கு என்ன வருது? வாழையை என்ன வேணா பண்ணிக்கங்க. காப்பிச் செடியில மட்டும் கை வைக்காதீங்க" என்று அனுமதி கிடைத்தது.

அன்றே அரிவாளை எடுத்து வெட்டியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும். நிறையப் பேர் செய்கிற தவறும் அதுதான். நோயுள்ள வாழையை வெட்டிச் சாய்த்தால், அதில் இருக்கும் அசுவினி சாறு தேடிப் பக்கத்துச் செடிக்குப் போய்விடும். முதலில் பூச்சி, பிறகு செடி. அந்த வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு, அவர் சொன்ன மருந்தை முதலில் குருத்திலும் மட்டை இடுக்கிலும் படும்படி அடித்தோம். பூச்சி செத்ததைப் பார்த்த பிறகு, அடுத்த வாரம் கடப்பாரை போட்டுத் தூரோடு, கிழங்கோடு, பக்கக்கன்றோடு தோண்டினோம். கிழங்கில் ஒரு கண் மிச்சமிருந்தாலும் துளிர்க்கும். துளிர்த்தால் நோயோடுதான் துளிர்க்கும். துண்டு துண்டாக நறுக்கி, அந்த இடத்திலேயே காய விட்டோம். நான்கு தூருக்கு இரண்டு ஆள், ஒரு நாள். என் கையில் கொப்புளம்.

வேலை முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு தூர் நிற்கிறது. அந்த நிலம் அண்ணன் தம்பி வழக்கில் இருக்கிறது. இருவரில் யாரிடம் அனுமதி கேட்டாலும் மற்றவருக்குக் கோபம் வரும். நண்பன் இரண்டு பேரிடமும் பேசிக்கொண்டிருக்கிறான்.

300 கன்றை 30 ஆகக் குறைத்துக்கொண்டான். ஓடையிலிருந்து தள்ளி, வீட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறான். வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு இலையின் அடியையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வருடம் சுத்தமாக நின்றால் பிறகு மீதி. "அப்பா தினமும் நடப்பாரு. நான் வாரத்துக்கு ஒருக்கா நடக்கமாட்டேனா?" என்றான். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பேருந்து ஏறும்போது ஒரு பை எலுமிச்சை கொடுத்தான்.

சகோதரிக்குப் பதில்

உங்களுக்கு 50 கன்று வாங்கித் தர என்னால் முடியாது. காரணம் முதலிலேயே சொன்னேன்: உங்கள் இடம் சமவெளி. தென்னை நிழல் ரொம்ப அடர்த்தியாக இல்லையென்றால் பூவன், மொந்தன் போன்றவை ஓரளவு ஒத்துவரும். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் தோப்பைக் காட்டிக் கேளுங்கள்.

எந்த ரகமானாலும், யாரிடம் வாங்கினாலும், இவற்றைக் கவனியுங்கள்.

• பக்கக்கன்று வாங்கினால், கன்று நிற்கும் தோட்டத்துக்கே நேரில் போய்த் தாய் மரத்தைப் பாருங்கள். இலையின் அடியைப் பாருங்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு தூரில் முடிக்கொத்து இருந்தாலும் அங்கிருந்து ஒரு கன்றும் வேண்டாம். பாதையோரம் சாக்கில் வைத்து விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

• திசு வளர்ப்புக் கன்று வாங்கினால், நச்சுயிரிப் பரிசோதனை செய்த கன்றா, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேசியச் சான்றிதழ் முறையில் வந்ததா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகலாம்.

• நடுவதற்கு முன் உங்கள் தோட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு நடை நடந்து பாருங்கள். அங்கே நோய் இருந்தால் பக்கத்துக்காரரோடு சேர்ந்து அதை முதலில் தீருங்கள்.

• நோய் கண்ட தூருக்கு மருந்து கிடையாது. பூச்சியைக் கொன்றுவிட்டு, கிழங்கோடு தோண்டி அழிப்பது ஒன்றுதான் வழி.

• நீங்கள் ஒருவருக்குக் கன்று கொடுத்து, பிறகு உங்கள் தோட்டத்தில் நோய் வந்தால், அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நாயோடு சிறுமலைக்கு நடக்கக் கிளம்புகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. தோட்டப் பாதையிலும் கோவில் பாதையிலும் நடங்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கயிற்றை விடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி விலங்கை விரட்டுவதும் வேட்டையில் சேரும். நாய் செய்தாலும் பொறுப்பு நம்முடையது. ராணி அன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போனதால்தான் அந்த நான்கு தூரும் கண்ணில் பட்டது என்பது உண்மை. அதற்காக இன்னொரு முறை விட்டுப் பார்க்க நாங்கள் தயாராக இல்லை. இப்போது அதன் கயிறு புதியது; கனமானது.